தாம்பூலப் பையில் ஒரு முழக் கயிறு

கொல்லிமலையில் அன்றைக்கு ராத்திரி எங்களோடு நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

அப்பா வீட்டுக்கு வந்து இன்றோடு நாலு நாள் ஆகிறது. எழுந்து நடமாட மாதக்கணக்கில் ஆகும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் கால் விரலை அசைக்கிறார், கேட்டுச் சாப்பிடுகிறார், மிளகு இன்றைக்கு என்ன விலை போகிறது என்று விசாரிக்கிறார். அப்பா மரத்திலிருந்து விழுந்த அன்றைக்கு நடந்தது என்ன என்பது உங்களுக்குத் தெரியும், பாதிப் பேர் அந்த மரத்தடியிலேயே நின்றீர்கள். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் இது. அப்பா தூங்குகிற நேரத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 108 வண்டியின் பைலட் அண்ணனுக்கு. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆம்புலன்ஸ் ஓட்டுபவரை அவர்களுக்குள் பைலட் என்றுதான் சொல்கிறார்கள். முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் மலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ராத்திரியில் இறங்கிப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு நம் ஆட்கள் போர்வையை விரித்துவிட்டார்கள். தூளி கட்டி ரோட்டுக்குத் தூக்கிப் போய்விடலாம் என்று நல்ல எண்ணத்தில்தான். வந்துகொண்டிருந்த வண்டியிலிருந்து இ.எம்.டி. தங்கை, வண்டியில் முதலுதவி பார்க்கிற பெண், போன் செய்து, "யாரும் தூக்காதீங்க, விழுந்த எடத்துலயே அசையாம இருக்கட்டும், தலையை மட்டும் ஒருத்தர் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோங்க" என்று சொன்னதால்தான் போர்வையை மடித்து வைத்தோம். முதுகெலும்பில் அடி பட்டவரைத் தூளியில் வளைத்துத் தூக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பெரிய டாக்டர் பிறகு விளக்கிச் சொன்னார். அதை நான் இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை.

வண்டி வந்ததும் கழுத்துக்குப் பட்டை, காலுக்குக் கட்டு, முதுகுக்கு அடியில் பலகை என்று அந்தத் தங்கை வேலையில் இறங்கிவிட்டது. பைலட் அண்ணன் அப்பாவின் காலை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்திருந்தார். நான் அப்பாவின் ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஏன் எடுத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "அம்மிணி, கட்டு முடிய அஞ்சு நிமிசம் ஆகும். ஒரு பை எடுத்துட்டு வாங்க" என்றார்.

என்ன பை என்று கூடக் கேட்கத் தோன்றாமல் உள்ளே ஓடினேன். ஆணியில் தொங்கியது என் கல்யாணத்துத் தாம்பூலப் பை. அதற்கப்புறம் அவர் காலை விடாமல், குரலையும் உயர்த்தாமல், ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் புழக்கடைக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். ஆதார் அட்டை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. ரேஷன் கார்டு. அப்பா தினமும் போடுகிற மாத்திரையின் அட்டை, "பேரு தெரிஞ்சா போதாது, அட்டையே வேணும்." சில்வர் டம்ளர் இரண்டு, தட்டு ஒன்று. துண்டு, கைலி, போர்வை. போன் சார்ஜர். சோப்பு. கடைசியாக, "ஒரு முழம் கயிறு இருந்தாப் போடுங்க." ஆட்டுக்குக் கட்டுகிற சணல் கயிற்றில் ஒரு துண்டை அறுத்துப் போட்டேன். எதற்கு என்று கேட்கவில்லை.

"அடுப்புல ஏதாச்சும் இருக்குதா?" என்றும் கேட்டார். உலை கொதித்து வழிந்துகொண்டிருந்தது! "அணைச்சிட்டு வீட்டைப் பூட்டுங்க. சாவியைப் பக்கத்துல குடுங்க, ஆடு கத்துது பாருங்க." ஆடு கத்தியது அதுவரை என் காதில் விழவே இல்லை.

இறங்கும்போது வண்டி மெதுவாகப் போனது. எனக்கு ஆத்திரம். ஆம்புலன்ஸ் என்றால் பறக்க வேண்டாமா? தடுப்புக் கண்ணாடியைத் தட்டி, வேகமாகப் போங்கள் என்று கத்தியே விட்டேன். அவர் திரும்பவில்லை. "முதுகு, அம்மிணி. குலுங்கக் கூடாது." அவ்வளவுதான். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன், பிரேக், மெதுவாக ஒரு திருப்பம். எழுபதில் தொடங்கி எண் குறைந்துகொண்டே வந்தது. உள்ளே அந்தத் தங்கை அப்பாவிடம் மிளகுக் கணக்கு கேட்டுக்கொண்டே வந்தது, அவர் தூங்கிவிடக் கூடாது என்று. காரவள்ளி தாண்டிச் சமதளம் வந்த பிறகுதான் வண்டி வேகம் எடுத்தது. அண்ணா, அன்றைக்குக் கத்தியதற்கு மன்னித்துவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் இறங்கிய பத்தாவது நிமிடத்தில் காப்பீட்டு அட்டையைக் கேட்டார்கள். மாத்திரை அட்டையைக் கேட்டார்கள். விடியற்காலையில் டீ வாங்கப் போனேன், கையில் டம்ளர் இருந்தது. எனக்கு முன்னால் நின்ற பெண் பிளாஸ்டிக் கவரில் வாங்கி, அதன் மூலையைக் கடித்து ஓட்டை போட்டுத் தன் வீட்டுக்காரர் வாயில் ஊற்றியதைப் பார்த்தேன். என்னிடம் இருந்த இரண்டாவது டம்ளரைக் கொடுத்தேன். வார்டு முழுக்க அந்தத் தாம்பூலப் பையைப் படித்துவிட்டுத் தேதியைக் கூட்டிக் கழித்து, எத்தனை குழந்தை என்று என்னைக் கேட்டார்கள். அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது.

கயிறு எதற்கு என்பது மறுநாள் ராத்திரி தெரிந்தது. கட்டிலுக்கு அடியில் வைத்தால் தரை துடைக்கிற தண்ணீரில் பை நனைகிறது, பூனையும் வந்து இழுக்கிறது. ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். பகலில் அதே கயிற்றில் துண்டு காய்ந்தது.

மூன்றாம் நாள் வேறு யாரையோ கொண்டுவந்து இறக்கிவிட்டு, அண்ணன் வார்டுக்கு எட்டிப் பார்த்தார். பையெல்லாம் எப்படித் தோன்றியது என்று கேட்டேன். "பத்து வருசமா இறக்கி விடறேன் அம்மிணி. எல்லாரும் வெறுங்கையோடதான் இறங்கறாங்க. ஆளைக் காப்பாத்தற வேலைய அந்தப் பொண்ணு பாத்துக்கும். எனக்கு நீங்க நாளைக்குக் காத்தால என்ன பண்ணுவீங்கன்னுதான் யோசனை." சொல்லிவிட்டு டீ கூட வாங்கிக்கொள்ளாமல் ஓடிவிட்டார். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் அவர்களுக்கு.

இனி மற்றவர்கள். விட்டுப்போனவர்கள் என்னைத் திட்டுங்கள். ஊர்ப் பெயரும், நம் மலையில் பல ஊர் சேர்ந்ததை நாடு என்கிறோமே, அந்த நாட்டுப் பெயரும் பிடிபடாமல், பள்ளிக்கூடம் எங்கே, கோயில் எந்தப் பக்கம் என்று பொறுமையாகக் கேட்ட, சென்னையில் போன் எடுத்த அந்தக் குரல். வண்டி வழி தவறாமல் இருக்கப் பிரிவில் பைக் விளக்கைப் போட்டு நின்ற வாத்தியார். காப்பிச் செடிகளுக்கு நடுவே பலகையை ஆடாமல் அசையாமல் ரோடு வரை சுமந்த எட்டுப் பேர். ரத்தம் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகள். கேட்காமலே வெந்நீர் கொண்டுவந்த துப்புரவு அக்கா. ஆடு கோழிகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அத்தை. 108 ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகத்தான், வீட்டுக்குக் கொண்டுவிட வராது. பிரசவமான தாய்க்கும் பிள்ளைக்கும் 102 உண்டு, நமக்குக் கிடையாது. டீசல் காசை மட்டும் வாங்கிக்கொண்டு, சீட்டைச் சாய்த்து அப்பாவைப் படுக்க வைத்துக் கொண்டுவந்துவிட்ட கார்க்காரத் தம்பிக்கும் நன்றி.

என் பெரியத்தையைக் கயிற்றுக் கட்டிலில் வைத்துச் சுமந்து இறக்கிய கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். ஜீப்புக்காரர் கேட்ட பணம் யாரிடமும் இல்லை. பாதி மலையிலேயே கட்டிலை இறக்கி வைத்துவிட்டார்கள். தமிழ்நாட்டுக்கு 108 வந்தது 2008 செப்டம்பரில், அத்தை போய் நாலு வருடம் கழித்து. பைசா வாங்காமல் ஒரு வண்டி வீடு தேடி வரும் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் தாத்தா நம்பியிருக்க மாட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். வண்டி ஒரு தடவை நாமக்கல் போய்த் திரும்ப நாலு மணி நேரம் ஆகிவிடுகிறது. அந்த நாலு மணி நேரமும் அது நின்ற இடம் காலிதான். சந்தைக்குப் போக வண்டி கிடைக்கவில்லை என்று வயிற்றுவலி சொல்லி 108-ஐக் கூப்பிட்ட ஆள் நம் ஊரிலும் உண்டு. யார் என்று எழுதப் போவதில்லை, அவருக்கே தெரியும்.

நான் செய்யப்போவது இதுதான். நம் வீட்டுப் பாதையில் வேலிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கிளையெல்லாம் இந்த வாரம் வெட்டியாகிவிடும், ஸ்ட்ரெச்சர் நேராக வாசலுக்கு வரட்டும். பிரிவில் இருக்கிற பாறையில் ஊர்ப் பெயரைச் சுண்ணாம்பில் பெரிதாக எழுதப் போகிறேன், வாத்தியார் எழுத்து அழகாக இருக்கும், அவரைக் கூப்பிட்டிருக்கிறேன். அப்புறம் பை. நேற்று மூன்று தாம்பூலப் பைகளில் எல்லாம் போட்டு, ஒன்று எங்களுக்கு, ஒன்று பக்கத்து வீட்டு அத்தைக்கு, ஒன்று சித்தப்பா வீட்டுக்கு என்று கட்டி வைத்தேன். மற்ற வீடுகளுக்கும் ஒவ்வொன்றாக வரும். காப்பீட்டு அட்டை, ஆதார் நகல் மட்டும் எடுத்து வையுங்கள்.

நான் கட்டுவதை அப்பா கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது பையை ஆணியில் மாட்டும்போது கேட்டார்.

"கயிறு போட்டியா?"