ஆளைப் பார்த்துத் திட்டினால் ஐந்து ரன்

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து டென்னிஸ் பால் கிரிக்கெட் டோர்னமெண்ட் கமிட்டியாருக்கு வணக்கம்.

ஓணம் லீவுப் போட்டிகளுக்கு நோட்டீஸ் அடிக்கப் போகிறீர்கள். நுழைவுக் கட்டணம், பரிசுத் தொகை, எத்தனை ஓவர் என்று எல்லாம் அதில் இருக்கும். இன்னும் ஒரு வரி சேருங்கள்: ஆளைப் பார்த்துக் கெட்ட வார்த்தை பேசினால் எதிரணிக்கு ஐந்து ரன்.

இது அம்பயராக நிற்கும் என் சொந்தக் கற்பனை இல்லை. கிரிக்கெட் விதிகளை எழுதும் லண்டன் கிளப்பான எம்.சி.சி. 2017 அக்டோபரில் கொண்டுவந்த புதிய விதிகளில் 42-வது விதி வீரர்களின் நடத்தைக்கென்றே எழுதப்பட்டது. ஆபாசப் பேச்சுக்கு முதலில் எச்சரிக்கை. அப்புறம் அதே அணியில் யார் வாயைவிட்டாலும் ஐந்து ரன். இன்னொருவரைக் கடுமையாக இழிவுபடுத்தினால் எச்சரிக்கையே கிடையாது, நேராக ஐந்து ரன். அம்பயரைப் பேச்சால் மிரட்டினால் ரன்னோடு ஆளும் வெளியே போக வேண்டும். பத்து ஓவர் மேட்ச் என்றால் இரண்டு ஓவர் வெளியே நிற்க வேண்டும். அடிப்பேன் என்று அம்பயரிடம் சொன்னவனுக்கு அன்றைய மேட்ச் அதோடு சரி.

எல்லா வசவும் ஒன்றல்ல. போல்டு அவுட்டான பையன் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு போனால் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. பௌலரின் அம்மாவை இழுத்தால் விடமாட்டேன். சாதியைச் சொல்லித் திட்டுவதை யாருமே விடக்கூடாது. பட்டியல் சாதியினரை நாலு பேர் முன்னால் அப்படித் திட்டுவது 1989-ம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தமிழ் அம்பயர் நின்றால் மலையாளத்தில், மலையாளி நின்றால் தமிழில் திட்டுகிற பழக்கமும் நம் பக்கம் இருக்கிறது. இந்த எல்லையில் வளர்ந்த எங்களுக்கு இரண்டும் நன்றாகவே புரிகிறது.

ரன் அவுட் கொடுத்ததும் கத்தல் கிளம்பினால் முதலில் பந்தை வாங்கி என் கையில் வைத்துக்கொள்வேன். திட்டியவனிடம் பேச்சுக் கொடுக்கமாட்டேன். கேப்டனைக் கூப்பிட்டு, பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காத குரலில் விஷயத்தைச் சொல்வேன். பந்து வராமல் அடுத்த பால் போட முடியாது. அந்த ஒரு நிமிடத்திலேயே பாதிச் சூடு இறங்கிவிடும்.

ஆனால் நான் கொடுத்த ஐந்து ரன்னை, "விடுங்கண்ணா, பசங்கதானே" என்று பந்தலிலிருந்து வந்து நீங்களே அழிக்கச் சொன்னால் அடுத்த ஓவரில் என் பேச்சை யார் கேட்பார்? மேட்ச் நடக்கும்போது அம்பயர் சொன்னதை மாற்றாதீர்கள். பேட்டிங் அணிப் பையனையே அம்பயராக நிறுத்துவதையும் தயவுசெய்து விடுங்கள். தன் கேப்டன் திட்டும்போது அவன் என்ன செய்வான், பாவம்? அடுத்த மேட்ச் ஆடக் காத்திருக்கும் அணியிலிருந்து இரண்டு பேரை நிறுத்தலாம், செலவும் இல்லை.

டாஸுக்கு முன்னால் மைக்கில் இரண்டு மொழியிலும் விதியைச் சொல்லிவிடுங்கள். ஸ்கோர் எழுதுபவரிடமும் அந்த ஐந்து ரன்னை எக்ஸ்ட்ராவில் தனியாக எழுதச் சொல்லுங்கள். கேப்டன்கள் கூட்டம் என்றைக்கு என்று தெரிந்தால் நானே வந்து விளக்கிச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மைதானங்களில் நிற்கும் அம்பயர்