கட்டுரையில் விட்டுப்போன கக்கூஸ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டு வீடுகள் இடிபடுவதைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பங்காளித் தகராறு, பராமரிப்புச் செலவு, வெளிநாட்டிலேயே தங்கிவிட்ட பிள்ளைகள், பர்மா தேக்குத் தூணுக்கு விலை பேசிக்கொண்டு வாசலில் நிற்கும் பழைய சாமான் வியாபாரிகள் என்று எல்லாவற்றையும் எழுதியிருந்தார் கட்டுரையாளர். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். கக்கூஸ்.

சிரிக்க வேண்டாம். எங்கள் பக்கம் ஒரு வீட்டை வைத்துக்கொள்வதா விற்பதா என்று பங்காளிகள் கூடிப் பேசும்போது முதலில் வருகிற பேச்சு சொத்து மதிப்பு இல்லை, "அங்க வந்தா ஒரு ராத்திரி தங்க முடியுதா?" என்பதுதான். முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்கள், சொந்த வீட்டில் ஊரே படுக்க இடம் இருந்தும் காரைக்குடியில் லாட்ஜ் எடுத்துத் தங்குகிறார்கள். முட்டி வலி உள்ள பெரியவர்கள் வருவதையே நிறுத்திவிட்டார்கள். யாரும் தங்காத வீட்டில் ஓடு நகர்ந்தால் கவனிக்க ஆள் கிடையாது, ஓடு நகர்ந்த இடத்தில் மழை இறங்கும், மழை இறங்கிய உத்தரத்தில் கரையான் ஏறும், அப்புறம் இடித்து விற்பதுதான் லாபம் என்று யாராவது ஒருவர் சொல்லத்தானே செய்வார்?

இந்த வீடுகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரைக்கும் கட்டியவை. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் வீட்டில் முகப்பு, வளவு என்கிற நடு முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும், அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டி, கடைசியில் தோட்டத்து மூலையில்தான் கழிப்பிடம். குளிப்பது கிணற்றடியில், இல்லையென்றால் ஊரணியில். கழிப்பிடத்தைப் பின்தெருவை ஒட்டி ஏன் வைத்தார்கள் என்பதை யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. மலத்தை ஆளே கையால் அள்ளி எடுக்கிற எடுப்புக் கக்கூஸ் அது. சுத்தம் செய்ய வருகிறவர்கள் வீட்டுக்குள் காலே வைக்காமல் சந்து வழியாக வந்து போக வேண்டும் என்று பார்த்து வைத்த இடம். 1993-லும் 2013-லும் சட்டம் போட்டு அந்தக் கொடுமையைத் தடை செய்தாயிற்று, கோப்பையும் மாற்றியாயிற்று. ஆனால் இடம் மட்டும் பல வீடுகளில் இன்னும் அதே மூலைதான். எண்பது வயது ஆச்சி ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, நாலு நிலைப்படி தாண்டி, ஈரமான முற்றத்தைக் கடந்து போய் வர வேண்டும். போய் வந்து பார்த்தால் தெரியும்.

2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் எங்கள் ஊர்கள் இடம்பிடித்தன. அதிலிருந்து இந்தப் பக்கம் வந்து படம் எடுக்கிறவர்கள் கூடிவிட்டார்கள், "எதையும் தொடாதீர்கள், அப்படியே வைத்திருங்கள்" என்று சொல்லிவிட்டு ஏசி அறைக்குத் திரும்பிப் போகிறார்கள். அவர்கள் தங்குகிற பாரம்பரிய ஓட்டல்களில், கானாடுகாத்தானில் ஆகட்டும் கடியாபட்டியில் ஆகட்டும், அறைக்கு அறை பாத்ரூம் உண்டு. அதை மட்டும் யாரும் தப்பு சொல்வதில்லை.

இதற்கு நேர் எதிரான கூட்டமும் இருக்கிறது. அவரவர் பங்கு அறைக்குள்ளேயே டைல்ஸ் ஒட்டி, கமோடு வைத்து, கதவைச் சாத்திக்கொள்கிறவர்கள். ஒரு புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒரு தம்பதிக்கு, ஓர் அறை என்று வளவைச் சுற்றி இருக்கிறதே, அந்த அறைகளைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் அவற்றில் பாதிக்கு வெளிச்சுவரில் ஜன்னலே கிடையாது, காற்று வருவது வளவுப் பக்கம் மட்டும்தான். அதற்குள் கக்கூஸ் வைத்தால் நாற்றம் எங்கே போகும்? சாப்பாட்டுப் பந்தி நடக்கும் இடத்துக்குத்தான்.

நாற்றத்தைக் கூட ஒரு மின்விசிறி வைத்து வெளியே தள்ளிவிடலாம். சுவரைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் உள்ளறையைக் குளியலறையாக்கினார்கள், பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு மழைக்காலம் போனதும் சுவரின் மறுபக்கத்தில், அதாவது அடுத்த பங்காளியின் அறையில், கணுக்கால் உயரத்தில் பூச்சு உப்பிக்கொண்டு வந்தது. முகம் தெரியும் அளவுக்கு மின்னும் முட்டைப்பூச்சு அது. அதன்மேல் வெள்ளையாக உப்புப் பூத்து, விரலால் தொட்டால் அரிசி மாவு மாதிரி கையோடு வந்தது. நானே தொட்டுப் பார்த்தேன். இப்போது ஓதம் இடுப்பு உயரத்துக்கு ஏறிவிட்டது, அந்த இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். ஈரத்தை இழுக்கும், காற்றுப் பட்டால் திரும்ப விட்டுவிடும், அப்படித்தான் நூறு வருஷமாக நிற்கிறது. அதன் ஒரு பக்கத்தைச் சிமென்டும் டைல்ஸும் போட்டு அடைத்துவிட்டு, உள்ளே தினமும் தண்ணீரைக் கொட்டினால், டைல்ஸ் இடுக்கில் இறங்குகிற தண்ணீர் வந்த வழியே திரும்ப முடியாமல் மேலே ஏறி மறுபக்கம் வழியாக வெளியே வரும். வரும்போது சுவரில் உள்ள உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். அப்புறம் அந்தப் பூச்சைத் திரும்பப் பூச ஆள் தேட வேண்டும். சுண்ணாம்பை ஊறவைத்து, அரைத்து, சிப்பிப் பொடி கலந்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசி, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்து எடுக்கிற வேலை அது. தெரிந்த கொத்தனார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கிடைத்தாலும் ஒட்டுப் போட்ட இடம் தனியாகத் தெரியும்.

இன்னொரு அக்கிரமம், இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வளவு முற்றத்தில் கல் பதித்த வடிகால் இருக்கிறதல்லவா? நாலு பக்க ஓட்டிலிருந்தும் விழுகிற மழைத் தண்ணீரை வெளியே கொண்டுபோய்த் தெரு வாய்க்கால் வழியாக ஊரணியில் சேர்க்கப் போட்டது. உள்ளறைப் பாத்ரூம் வைக்கிறவர்களில் சிலர் குளிக்கிற தண்ணீரை, சில இடங்களில் அதற்கும் மேலானதை, அந்த வடிகாலிலேயே இணைத்துவிடுகிறார்கள். பக்கத்தில் இருக்கிறது, தண்ணீர் ஓட வாட்டமும் இருக்கிறது, பைப் செலவு மிச்சம் என்று கணக்கு. ஊரணி ஏன் பச்சையாகிவிட்டது என்று அப்புறம் கிராமசபையில் கேட்கிறார்கள். தூர்ந்த கிணற்றுக்குள் கழிவை விடுவதும் இதே வகைதான், அது நேராக நிலத்தடி நீருக்கே போய்ச் சேரும்.

சரி, எங்கேதான் கட்டுவது? இரண்டாம் கட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவில், வீட்டுச் சுவரை ஒட்டாமல், ஓர் ஆள் புகுந்து வேலை பார்க்கிற அளவுக்குச் சந்து விட்டு, தனி அஸ்திவாரம் போட்டுக் கட்டுங்கள். இரண்டாம் கட்டு வாசலிலிருந்து அதுவரைக்கும் மேலே கூரை போட்ட நடை ஒன்று, தரை ஒரே மட்டத்தில். இவ்வளவுதான் யோசனை. மழையில் நனைய வேண்டாம், பழைய சுவர் தப்பித்தது, பத்து வருஷம் கழித்துப் பைப்பில் கோளாறு என்றாலும் வெளியே நின்றே பார்க்கலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் கட்டினோம். சென்னையில் இருக்கும் அண்ணன் போனில் "ராத்திரி யாரு அவ்வளவு தூரம் நடக்குறது? ரூமுக்குள்ளயே வச்சிரு" என்று ஒரு மாதம் விடாமல் சொன்னார். நடை முடிந்ததும் வந்து நடந்து பார்த்தார், அதற்கப்புறம் பேச்சில்லை. கொத்தனாருக்கு வேறு கவலை. "சுவரை வெட்டாம பைப் எப்படி ஆச்சி விடுறது? வெளிய அசிங்கமா தெரியுமே?" தெரியட்டும் என்று சொல்லிவிட்டேன். தண்ணீர் வருகிற பைப்பை மட்டும்தான் பழைய வீட்டோரமாகக் கொண்டுவர வேண்டியிருந்தது, அதையும் தரையோரம் கிளாம்ப் போட்டுத்தான் விட்டோம். சுமை தாங்கும் சுண்ணாம்புச் சுவரில் கட்டிங் மெஷினை வைத்துக் காடி எடுப்பதை விட அசிங்கம் எதுவும் இல்லை.

கட்டும்போது கவனிக்க வேண்டியவற்றில் பெரியவர்களுக்கானதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மற்றது எந்த நல்ல மேஸ்திரிக்கும் தெரியும். கதவு மூன்று அடி அகலம் இருக்கட்டும், வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் வழுக்கி விழுந்து கதவுக்குக் குறுக்கே கிடந்தால் உள்பக்கம் திறக்கிற கதவைத் தள்ளவே முடியாது. கமோடு உட்காரும் உயரம் 17 முதல் 19 அங்குலம். பிடித்து எழுந்திருக்கும் கம்பி தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலத்தில். இந்தக் கம்பிக்காகவே புதுச்சுவர் வேண்டும் என்பேன், ஏனென்றால் பழைய சுண்ணாம்புச் சுவரில் துளை போட்டு முடுக்கிய கம்பி, ஒரு ஆள் பாரம் விழுந்தால் பூச்சோடு கையில் வந்துவிடும். அடுத்தது நிலைப்படி. அரை அடி உயர நிலைப்படியை யாரும் வெட்டி எறிய வேண்டாம், அது தேக்கு. சக்கர நாற்காலி வரும்போது மட்டும் போடுகிற மாதிரி பலகைச் சரிவு ஒன்று செய்துகொள்ளலாம். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பதால் அரை அடிக்கு ஆறு அடிப் பலகை வேண்டும். அதைவிடக் குட்டையாகச் செய்தால் தள்ளுகிறவருக்கும் ஆபத்து, உட்கார்ந்திருப்பவருக்கும் ஆபத்து.

ஆத்தங்குடிக் கல்லைப் பாத்ரூம் தரைக்குப் போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதுதான் என் கட்சி. சுடாத கல் அது. கண்ணாடியின் மேல் வண்ணச் சிமென்டை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது, அந்தப் பளபளப்பே கண்ணாடி தந்ததுதான். கக்கூஸ் கழுவும் ஆசிட் ஒரு சொட்டு பட்டால் போதும், சிமென்டை அரித்துவிடும், நிறம் செத்துவிடும். ஈரத்தில் வழுக்கவும் செய்யும். அந்த ஆசையை நடையில் தீர்த்துக்கொள்ளுங்கள், உள்ளே சொரசொரப்பான டைல்ஸ் போடுங்கள், வாட்டம் சரியாக இருக்கிறதா என்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி நீங்களே நின்று பாருங்கள். தண்ணீர்த் தொட்டியையும் பழைய மாடியில் ஏற்ற வேண்டாம், ஆயிரம் லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே ஒரு டன்.

செப்டிக் டேங்கைப் பின்வாசல் பக்கம், லாரியின் குழாய் எட்டுகிற இடத்தில், கிணற்றிலிருந்து குறைந்தது 60 அடி தள்ளி வையுங்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரி வைத்து எடுத்துவிட வேண்டும், 14420 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் போதும். செலவு குறையும் என்று யாரையும் உள்ளே இறக்காதீர்கள். சட்டப்படி குற்றம், அதைவிட முக்கியம், விஷவாயு தாக்கினால் இறங்கியவர் ஏறி வர மாட்டார்.

இத்தனையும் கொத்தனார் வேலை. இதற்கு முன்னால் முடிக்க வேண்டியது பங்காளிகள் வேலை, அதுதான் கஷ்டம். புதுக் குளியலறை யார் பங்கிலும் சேராது, பொது என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கட்டும் செலவைப் புள்ளிக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள், அது பிரச்சினை இல்லை. வருஷம் பூராவும் சுத்தம் செய்கிறவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது, மோட்டார் போனால் யார் பார்ப்பது, சாவி யாரிடம் இருப்பது என்பதில்தான் மனஸ்தாபம் வரும். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்கிற பங்காளியின் கையெழுத்தை முதலில் வாங்குங்கள்.

உங்கள் நாளிதழ் வழியாக ஒரு கோரிக்கையும் வைக்கிறேன். காரைக்குடியில் 1952 முதல் அழகப்பச் செட்டியார் பெயரில் பொறியியல் கல்லூரி நடக்கிறது. அங்கே சிவில் படிக்கிற பிள்ளைகள் நாலு பழைய வீடுகளை அளந்து, பழைய சுவரைத் தொடாமல் குளியலறை கட்ட மாதிரி வரைபடம் போட்டுக் கொடுத்தால், எங்களைப் போன்றவர்கள் அதைக் கொண்டுபோய்க் கொத்தனாரிடம் காட்டி வேலை வாங்குவோம். பாரம்பரிய வீடுகளைப் பற்றிக் கூட்டம் போடுகிற அதிகாரிகளும் அந்தக் கூட்டத்தில் கழிவுநீர் எங்கே போகிறது என்று ஒரு கேள்வி கேட்கலாம். தூண்களின் பெருமையை நிறையக் கேட்டாயிற்று.

இந்த வருஷம் கட்டலாம் என்று நினைத்திருப்பவர்கள் பேச்சுவார்த்தையை இப்போதே முடித்துவிட்டு வேலையைத் தை மாதத்தில் தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பள்ளம் தோண்டிப் போட்டால் அதில் நிற்கிற மழைத் தண்ணீர் பழைய அஸ்திவாரத்துக்குத்தான் போகும், அந்த இரண்டு மாதத்தில் கூலிக்கு ஆளும் ஒழுங்காக வர மாட்டார்கள்.

இப்படிக்கு,
வாசகி,
பள்ளத்தூர்.