வால்பாறைச் சாலையில் பெண்கள் எங்கே போவார்கள்? அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வால்பாறை மலைச்சாலைக்கும் அங்கே வரும் சுற்றுலாக் கூட்டத்துக்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிகள் அனைவருக்கும்,

வணக்கம்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குச் சுமார் 64 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். அதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சாலையில் பேருந்தில் வரும் ஒரு பெண்ணுக்கு அவசரமாக ஒன்றுக்கு வந்தால் அவள் எங்கே போவாள்? இதைக் கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

என் அம்மா எஸ்டேட்டில் தேயிலை பறித்து ஓய்வு பெற்றவர். ரத்த அழுத்தம் உண்டு, காலில் வீக்கம் உண்டு. டாக்டர் நீர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார், தினமும் காலையில் போட வேண்டியது. போட்டால் அடிக்கடி ஒன்றுக்கு வரும். பொள்ளாச்சிக்குப் போகிற நாளில் மட்டும் அம்மா அதைப் போடுவதில்லை. முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிடுவார். டாக்டரைப் பார்க்கப் போகிற நாளில் டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகிறார். அம்மா மட்டுமல்ல, எங்கள் லைனில், அதாவது எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், வயதான பெண்கள் பலரும் இப்படித்தான். இந்தச் சாலை அவர்களுக்கு அப்படிப் பழக்கிவிட்டது.

போன தொடர் விடுமுறையில் மருத்துவமனையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். சாதாரண நாளில் இரண்டரை, மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும் பேருந்து. அன்றைக்கு ஒன்பதாவது வளைவிலேயே நின்றுவிட்டது. லோம்ஸ் வியூவில் வரையாடு நிற்கிறது என்று இரண்டு பக்கமும் கார்களை நிறுத்திவிட்டு எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஆழியாறு அணை தெரிகிற இடம். அழகான இடம்தான், இல்லை என்று சொல்லவில்லை. பேருந்து பத்தடி நகரும், நிற்கும். மேலே ஏற ஏறக் குளிரும் கூடியது. குளிரில் அடிவயிறு எப்படி முட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அம்மா முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கண்டக்டரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர். "காட்டுக்குள்ள இறக்கிவிட முடியாதும்மா, யானை நடமாட்டம் இருக்கு, கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றார். அவர் சொன்னதில் தவறு இல்லை.

அட்டகட்டி வந்ததும் இறங்கினோம். அங்கே விசாரித்துக் கண்டுபிடித்த கழிவறை பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. டீக்கடைக்காரப் பெண் ஒருவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் தன் வீட்டுப் பின்பக்கம் அழைத்துப் போனார். ஆனால் அதற்கு முன்பே புடவை நனைந்துவிட்டது. கவர்க்கல் மூடுபனியைத் தாண்டி வீடு வந்து சேரும்வரை அம்மா மடியில் சால்வையைப் போட்டு மூடிக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை.

இதை எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "எழுது, எனக்கு மட்டுமா நடந்திருக்கும்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

சாலையோரம் ஒதுங்கிக்கொள்ளலாமே என்று ஆண்கள் யாராவது நினைக்கலாம். அவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், தினமும் பார்க்கிறோம். இது புலிகள் காப்பகத்துக்குள் போகிற சாலை. 2025 பிப்ரவரியில் இதே சாலையில் பைக்கில் வந்த ஜெர்மனிக்காரர் ஒருவர் யானை தாக்கி இறந்தார். அதே வருடம் எஸ்டேட்டில் வீட்டுக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போனது. வண்டியை விட்டு இறங்காதீர்கள் என்று நீங்களே பலகை வைத்திருக்கிறீர்கள். சரி, இறங்கவில்லை. அப்புறம் என்ன செய்வது என்பதையும் நீங்கள்தானே சொல்ல வேண்டும்? மாதவிடாய் நாளில் பயணம் செய்கிற பெண்பிள்ளைக்கு என்ன வழி? மாசமாக இருப்பவளுக்கு என்ன வழி?

எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமல் எப்படித் திட்டமிடுவது என்று முன்பு சொல்ல முடிந்தது. இப்போது அதுவும் முடியாது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2025 நவம்பர் முதல் வால்பாறைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். எந்த நாளில் எத்தனை வண்டி, வண்டிக்கு எத்தனை பேர் என்பது மலை ஏறும் முன்பே உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. அவர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருப்பார்கள். பயண நேரமும் உங்களுக்குத் தெரியும். இவ்வளவும் தெரிந்த பிறகும் வழியில் அவர்களுக்கு ஓர் ஏற்பாடு இல்லை என்றால் அதை மறதி என்று எங்களால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கழிவறை கிடைக்காத கூட்டம், காடு முடிந்து தேயிலை தொடங்கியதும் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் செடிகளுக்குள் இறங்குகிறது. மறுநாள் காலையில் அதே நிரைகளில் இடுப்பளவு செடிக்குள் நின்று எங்கள் பெண்கள் இலை பறிக்கிறார்கள். காலில் எதை மிதிக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். அட்டை கடியையும் மழையையும் தாங்குகிறவர்கள் இதைத் தாங்க மாட்டார்களா என்றா நினைக்கிறீர்கள்? தோட்டத் தொழிலாளர்களுக்குப் போதுமான கழிவறை இருக்க வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று 1951-லேயே சட்டம் போட்டாயிற்று. என் அம்மா வேலை செய்த காலம் முழுக்க வேலை நேரத்தில் அவருக்குக் கழிவறையாக இருந்தது ஒரு சில்வர் ஓக் மரத்தின் மறைவுதான். இலை பறிக்கும் பெண்ணின் சிரித்த முகத்தைச் சுற்றுலா விளம்பரங்களில் பெரிதாகப் போடுகிறீர்கள். காலை ஏழரை மணியிலிருந்து சாயங்காலம்வரை அந்தப் பெண் எங்கே போகிறாள் என்று படம் எடுத்தவர்களில் ஒருவராவது கேட்டதுண்டா?

இதய நோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் ஏன் நாங்கள் மலை இறங்கிப் பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் ஓட வேண்டும் என்று கேட்கத் தொடங்கினால் இந்த மடல் முடியாது. பிள்ளைகள் படித்துவிட்டுத் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிப் போகிறார்கள், திரும்பி வருவதில்லை. பூட்டிக் கிடக்கும் லைன் வீடுகள் வருடா வருடம் கூடுகின்றன. வருகிற விருந்தாளிக்குச் செல்பி எடுக்க இடம் ஒதுக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு இருக்கிற மனிதர் கண்ணில் படாதபோது யார்தான் இருப்பார்கள்? மன்னியுங்கள், கோபத்தில் வேறு பக்கம் போய்விட்டேன். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

ஆழியாறு சோதனைச் சாவடியிலிருந்து வால்பாறைப் பேருந்து நிலையம்வரை, பேருந்து நிற்கக்கூடிய இடங்களில், பெண்களுக்குக் கழிவறை வேண்டும். உள்ளே தாழ்ப்பாள் விழ வேண்டும், விளக்கு எரிய வேண்டும், தண்ணீர் வர வேண்டும். முட்டி மடக்க முடியாதவர்கள் உட்கார ஒன்றாவது மேற்கத்திய பாணியில் இருக்க வேண்டும். தண்ணீர் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு இந்த மலையில்தான் இருக்கிறது. கட்டிடம் கட்டித் திறப்பு விழா நடத்திவிட்டுப் பூட்டிப் போட்டாலும் எங்களுக்குப் பயன் இல்லை. காலை முதல் பேருந்து ஏறுவதிலிருந்து கடைசிப் பேருந்து போகும்வரை திறந்து வைத்துச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு மாதா மாதம் ஒழுங்கான சம்பளம் வேண்டும். சாவி யாரிடம் இருக்கிறது என்று கதவிலேயே ஒரு போன் நம்பர் எழுதியிருக்க வேண்டும். விடுமுறை நாட்களில் ஒன்பதாவது வளைவில் யாரும் வண்டியை நிறுத்தாதபடி அங்கே இரண்டு பேரையாவது நிறுத்துங்கள்.

சாலை ஒரு துறையிடம், காடு இன்னொரு துறையிடம், ஊர் வேறொருவரிடம் என்பது எங்களுக்கும் தெரியும். எங்கள் மனு ஒவ்வொரு மேஜையாக நகர்ந்து கடைசியில் எங்கேயோ நின்றுவிடும் என்ற பயமும் இருக்கிறது. அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக எழுதினேன். நீங்கள் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து இது யார் பொறுப்பு என்று முடிவு செய்யுங்கள். முடிந்தால் அந்தக் கூட்டத்துக்கு அரசு வண்டியில் வராமல், ஒரு விடுமுறை நாளில் பொள்ளாச்சியிலிருந்து பேருந்தில் ஏறி வாருங்கள். உங்கள் வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள்.

ஏப்ரல், மே கூட்டம் ஏறுவதற்கு முன்பு வேலை தொடங்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தொடங்கும் தேதியையும் பொறுப்பாளரின் பெயரையும் வால்பாறைப் பேருந்து நிலையத்தில் தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள். அம்மாவுக்கு அடுத்த மாதமும் டாக்டரைப் பார்க்கப் போக வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
வால்பாறை எஸ்டேட் தொழிலாளியின் மகள்