கருவுக்கு மதிப்பெண் போடும் மென்பொருளுக்கு யார் மதிப்பெண் போடுவது?

தேசிய உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பம் மற்றும் வாடகைத்தாய் வாரியத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் சென்னையில் மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறேன். மருத்துவத் தரவுகளைச் சரிபார்த்து ஒழுங்குபடுத்துவதுதான் என் வேலை. முட்டையையும் விந்தணுவையும் ஆய்வகத்தில் சேர்த்துக் கருவாக்கும் ஐவிஎஃப் சிகிச்சையும் எடுத்துக்கொண்டவள். கணினியின் பக்கமும் கட்டிலின் பக்கமும் தெரிந்தவள் என்பதால் இந்த மடலை எழுதுகிறேன்.

என் சிகிச்சையில் கருக்கள் ஐந்தாம் நாளை எட்டியபோது ஆய்வகத்திலிருந்து ஒரு தாள் கொடுத்தார்கள். கருக்களின் படங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண், அதிக எண் வாங்கிய கருவைச் சுற்றிப் பச்சை வட்டம். “ஏஐ போட்ட ஸ்கோர் மேடம், இதைத்தான் வைக்கப் போறோம்” என்றார் அங்கிருந்த எம்ப்ரியாலஜிஸ்ட், கருக்களை வளர்த்துக் கவனிக்கும் நிபுணர். இந்த மென்பொருள் எந்த ஊர்ப் பெண்களின் கருக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது, கர்ப்பமா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் (பீட்டா) பாசிட்டிவ் வந்தாலே அதற்கு வெற்றியா, குழந்தை பிறந்தால்தான் வெற்றியா என்று கேட்டேன். கம்பெனிக்காரர்கள் அதையெல்லாம் சொல்லவில்லை என்றார். உள்ளதை உள்ளபடி சொன்ன அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பில்லில் அந்த ஸ்கோருக்கென்று தனியாக ஒரு தொகை இருந்தது.

அந்தத் தொகைக்கு என்ன ஆதாரம்? 2024இல் நேச்சர் மெடிசின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் 14 மையங்களில் 1,066 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். மென்பொருள் தேர்ந்தெடுத்த பிரிவில் 46.5 சதவீதம் பேர் கருத்தரித்தார்கள். நிபுணர்கள் வழக்கம்போல் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிரிவில் 48.2 சதவீதம். மென்பொருள் மனிதரைவிட மோசமில்லை என்பதைக்கூட அந்த ஆய்வால் நிறுவ முடியவில்லை. நேரம் மட்டும் மிச்சமானது. மூன்றரை நிமிட வேலை சுமார் 21 நொடியில் முடிந்தது. அதே ஆண்டு லான்செட் இதழில் வந்த இன்னொரு ஆய்வு, கரு வளர்வதை விடாமல் படமெடுக்கும் டைம்லாப்ஸ் இன்குபேட்டரைப் பற்றியது. பிரிட்டனிலும் ஹாங்காங்கிலும் 1,575 பேரிடம் பார்த்ததில், குழந்தை பிறக்கும் வாய்ப்பு அதனால் குறிப்பிடும்படி கூடவில்லை.

இதைச் சொல்வதால் இந்த ஆராய்ச்சியே வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆய்வகத்தில் வேலைப்பளு அதிகம். நேரம் மிச்சமாவதும் நல்லதுதான். ஒருவரின் முட்டை இன்னொருவரின் விந்தணுவோடு மாறிப்போகாமல் பார்த்துக்கொள்ளும் மின்னணுச் சரிபார்ப்பு முறை எல்லா மையத்திலும் வரவேண்டும் என்பேன். என் கவலை, சோதித்துப் பார்க்க வேண்டியதை முதலிலேயே விற்றுவிடுகிறார்கள் என்பதுதான்.

இந்த மென்பொருட்களில் என் துறைக்காரர்களுக்குப் பளிச்சென்று தெரியும் குறை ஒன்று உண்டு. கருப்பைக்குள் வைத்த கரு என்ன ஆனது என்று மட்டும்தான் நமக்குத் தெரியும். வைக்காமல் ஒதுக்கிய கரு குழந்தையாகியிருக்குமா என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் அவற்றைத் தோல்விக் கணக்கில் சேர்த்துப் பயிற்சி கொடுத்தால், பாதியில் வளர்ச்சி நின்ற கருவை நல்ல கருவிலிருந்து பிரித்துக் காட்டியே மென்பொருள் உயர்ந்த துல்லியம் காட்டிவிடும். அதை நிபுணர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே சொல்லிவிடுவார். பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு நல்ல கருக்களில் எதை வைப்பது என்பதுதான் எங்கள் கேள்வி. அப்புறம், பிறப்புறுப்புக் காசநோயால் கருக்குழாயும் கருப்பையும் பாதிக்கப்பட்ட பெண்கள் நம் நாட்டு மையங்களுக்கு நிறையவே வருகிறார்கள். ஐரோப்பியத் தரவில் அவர்கள் அரிது. அங்கே கற்ற கணக்கு இங்கே அப்படியே செல்லும் என்று யார் சோதித்தார்கள்?

சோதிக்க வழி உங்கள் கையில் இருக்கிறது. 2022 ஜனவரி 25 முதல் நடப்பில் உள்ள உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம், சிகிச்சைகளின் முடிவுகளைத் தேசியப் பதிவேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. அந்தத் தரவை ஆராய்ச்சிக்கும் கொள்கை வகுக்கவும் பயன்படுத்தலாம் என்றும் சொல்கிறது. ஒரு மையம் பதிவானதா என்று பதிவேட்டில் பார்க்க முடிந்தது. அங்கே எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது என்று தேடினேன், கிடைக்கவில்லை. பிரிட்டனில் 1991 முதல் இந்தச் சிகிச்சைகள் எல்லாவற்றுக்கும் பதிவேடு இருக்கிறது. மையவாரியாக முடிவுகளைப் பார்க்கலாம். கூடுதல் கட்டணத்தில் விற்கும் ஒவ்வொரு வசதிக்கும் என்ன ஆதாரம் என்று அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பே தரம் பிரித்து வெளியிடுகிறது.

முடிவுகளை வெளியிடும்போது, முட்டை வளர ஊசி போடத் தொடங்கிய எல்லாப் பெண்களையும் கணக்கில் எடுங்கள், வயதுவாரியாக. கரு வைக்கும் கட்டம்வரை வந்தவர்களை மட்டும் எண்ணி வெற்றி சதவீதம் சொல்வது, சுமாராகப் படிக்கும் பிள்ளைகளுக்கு டிசி கொடுத்து அனுப்பிவிட்டு நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பள்ளி போர்டு வைப்பது போலத்தான். “விசேஷம் ஏதாவது உண்டா?” என்று ஊரே கேட்டுக்கொண்டிருக்க, நகையை அடகு வைத்து வருகிறவர்கள் அந்த சதவீதத்தை நம்பித்தான் வருகிறார்கள்.

பதிவேட்டின் அருமையை நம் நாடு கசப்பாகவே கற்றது. கொல்கத்தாவில் 1978 அக்டோபர் 3 அன்று பிறந்த சோதனைக்குழாய்க் குழந்தை டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் சாதனை. அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. 1981இல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986இல் மும்பையில் பிறந்த குழந்தைதான் இந்தியாவின் முதல் என்று பெயரெடுத்தது. அந்தப் பெருமைக்கு உரியவர்களில் ஒருவரான டாக்டர் ஆனந்த் குமார், 1997இல் முகர்ஜியின் குறிப்பேடுகளைப் படித்துப் பார்த்துவிட்டு, முதலில் சாதித்தவர் அவரே என்று அறிவித்தார். குறிப்பேடுகள் இல்லையென்றால் அந்த நியாயமும் கிடைத்திருக்காது.

எங்கள் கருக்களின் படங்களும் அப்படிப்பட்ட குறிப்புகள்தான். அவை மென்பொருள் நிறுவனங்களுக்குப் போகின்றனவா என்று எங்களிடம் தனியாகக் கேட்க வேண்டும், தமிழில், எங்களுக்குப் புரியும்படி. சிகிச்சைக்கான சம்மதப் படிவக் கட்டின் நடுவில் ஆங்கிலத்தில் ஒரு பத்தியாக ஒளித்து வைத்துக் கையெழுத்து வாங்குவதைச் சம்மதம் என்று ஏற்காதீர்கள். பெயர் நீக்கிய பதிவேட்டுத் தரவை நம் பல்கலைக்கழகங்களுக்குத் திறந்துவிடுங்கள். நம் பெண்களின் தரவில், பிறந்த குழந்தையை அளவுகோலாக வைத்துச் சோதித்து முடிவு வரும்வரை எந்த மையமும் ஸ்கோருக்குத் தனிக்கட்டணம் வாங்கக் கூடாது என்று உத்தரவிடுங்கள்.

மையங்களின் பதிவு 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். சட்டம் வந்ததும் பதிவு செய்தவர்கள் புதுப்பிக்க வரும்போது, முடிவுகளை முழுதாக அனுப்பியவர்களுக்கு மட்டும் புதுப்பித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
சிகிச்சை பெற்ற ஒரு மென்பொருள் ஊழியர், சென்னை