மேகத்துக்குள் பாறை: நேபாள விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

நேபாள சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், பண்பாடு, சுற்றுலா, விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும்,

வணக்கம்.

விமான இயக்கத்திலும் பராமரிப்பிலும் பாதுகாப்புத் தணிக்கையிலும் வேலை செய்பவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. தமிழில் எழுதக் காரணம் உண்டு. உங்கள் முக்திநாத் எங்களுக்குத் திருச்சாளக்கிராமம், நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து ஆண்டுதோறும் அங்கே போகிறவர்களில் பலர் பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சிறிய விமானத்தில்தான் போகிறார்கள். 2011 செப்டம்பர் 25 அன்று எவரெஸ்ட்டைக் காட்டிவிட்டுக் காத்மாண்டு திரும்பிய பீச்கிராஃப்ட் 1900டி, கோட்டடாண்டா மலையில் மோதியது. இறந்த 19 பேரில் எட்டுப் பேர் திருச்சியைச் சேர்ந்த கட்டுமானத் துறையினர். ஆகவே இதை அயல்நாட்டார் தலையீடு என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ஒரே விளக்கம்தான் வருகிறது: மலை உயரம், வானிலை சட்டென்று மாறும், ஓடுபாதை குட்டை. மூன்றும் உண்மை. ஆனால் அந்த மலை நேற்று முளைத்ததல்ல. ஜோம்சோம் இருக்கும் காளிகண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகலுக்கு மேல் காற்று எழும் என்பது அங்கே கோவேறு கழுதை ஓட்டுகிறவருக்கும் தெரியும். இவ்வளவு நன்றாகத் தெரிந்த ஒன்றைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. எங்கள் கேள்வி வேறு: மேகத்தைப் பார்த்தும் விமானி ஏன் உள்ளே போகிறார்? திரும்பிவிட்டால் அவருக்கு யார் துணை?

முதலில், பள்ளத்தாக்குக்குள் திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்ற கணக்கைப் பார்ப்போம். வேகமானியில் 120 நாட் (மணிக்கு ஏறத்தாழ 222 கிலோமீட்டர்) காட்டும் விமானம் கடல் மட்டத்தில் 30 பாகை சாய்ந்து முழுதாகத் திரும்ப ஏறத்தாழ 1.35 கிலோமீட்டர் அகலம் வேண்டும். அதே 120 நாட்டை 12,000 அடியில் காட்டினால், காற்று மெலிந்திருப்பதால் உண்மை வேகம் 144 நாட்டுக்குப் போய்விடும். திரும்பும் அகலம் வேகத்தின் இருமடியாக வளர்வதால் 1.9 கிலோமீட்டரைத் தாண்டும். அரைவட்டம் அடித்து முடிக்க 41 வினாடி. அந்த நேரத்தில் 20 நாட் குறுக்குக் காற்று அடித்தால் விமானம் இன்னும் 400 மீட்டர் எதிர்ச் சரிவை நோக்கித் தள்ளப்படும். விமானி முன்னால் இருக்கும் வேகமானி இதில் எதையும் காட்டாது. அதில் எப்போதும் 120தான்.

இப்போது விதியைப் பாருங்கள். கண்ணால் பார்த்துப் பறக்கும் முறையில் மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்கிறது பன்னாட்டு விதி. மேகம் நேரே முன்னால் 1,500 மீட்டரில் நிற்கிறது என்று வையுங்கள். மேலே சொன்ன வேகத்தில் அது 20 வினாடித் தொலைவு. திரும்புவதற்கே முன்பக்கம் 970 மீட்டர் போய்விடும். மிச்சம் 530 மீட்டர், அதாவது ஏழு வினாடி. அந்த ஏழு வினாடிக்குள் முடிவெடுத்து, துணை விமானியிடம் சொல்லி, சாய்த்தும் ஆக வேண்டும். பக்கத்துச் சரிவு இரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால் அந்த ஏழு வினாடியும் பயன்படாது. விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்த விமானியும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. மலைப் பள்ளத்தாக்குக்குச் சமவெளிக்கான எண் போதாது.

ஆகவே பள்ளத்தாக்கு வழித்தடம் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் திரும்பும் புள்ளிகள் வேண்டும். பொக்காரா - ஜோம்சோம் தடத்தில் கோரேபானிக் கணவாய்க்கு முன்னால் ஒரு புள்ளியைக் குறியுங்கள். அங்கிருந்து கணவாயின் மறுபக்கம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அங்கேயே திரும்ப வேண்டும். எந்தப் பக்கம் திரும்புவது, எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் என்பது முன்கூட்டியே சிமுலேட்டரில் பழகியதாக இருக்க வேண்டும். “கொஞ்சம் தள்ளிப் போய்ப் பார்ப்போம்” என்பதற்கு அந்தப் புள்ளிக்கு அப்பால் இடம் கூடாது. தவறி மேகத்துக்குள் நுழைந்துவிட்டால் ஏற வேண்டிய உயரமும் பிடிக்க வேண்டிய திசையும் தடத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக ஓர் அட்டையில் அச்சாகி, இரண்டு விமானிகளின் முழங்கால் பலகையிலும் இருக்க வேண்டும்.

இந்தத் தடத்தில் நடந்தவற்றை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2016 பிப்ரவரி 24 அன்று ட்வின் ஓட்டர் என்ற சிறிய இரட்டை இன்ஜின் விமானம், இறந்தவர்கள் 23 பேர். கண்ணால் பார்த்துப் பறக்க வேண்டிய விமானம் மீண்டும் மீண்டும் மேகத்துக்குள் போனது. நிலத்தை நெருங்குகிறோம் என்ற எச்சரிக்கை ஒலித்தும் பொருட்படுத்தப்படவில்லை. 2022 மே 29 அன்று அதே தடம், அதே நிறுவனம், இன்னொரு ட்வின் ஓட்டர், 22 பேர். இம்முறை எச்சரிக்கைக் கருவியே அணைத்து வைக்கப்பட்டிருந்தது. உங்கள் நாட்டு விசாரணை ஆணையமே எழுதியது இது. முதல் விபத்தில் கருவி கத்தியது, கேட்கவில்லை. இரண்டாவதில் கத்தவே விடவில்லை. இடையில் ஆறு ஆண்டுகள் இருந்தன.

விமானி ஏன் அதை அணைக்கிறார் என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். சோம்பலோ திமிரோ காரணமில்லை. இருபுறமும் சிகரம் நிற்கும் பள்ளத்தாக்கில், சிகரத்துக்குக் கீழே பறப்பதுதான் அங்கே வழக்கமான பறப்பு. நல்ல வெயிலிலும் கருவி “டெரெய்ன், புல் அப்” (நிலம், மேலே ஏறு) என்று கத்திக்கொண்டே இருக்கும். நாளுக்கு நான்கு முறை பொய்யாகக் கத்துவதை ஐந்தாவது முறை நம்ப மனித மூளை பழகவில்லை. எனவே “அணைக்காதே” என்று சுற்றறிக்கை விடுவதால் பயனில்லை. அணைக்கும் பொத்தானின் ஒவ்வொரு அழுத்தமும் பதிவாக வேண்டும். பதிவை நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவு வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். மேகம் தொட்ட நொடியில் பொத்தானை விடுவிப்பது, முதல் செயலாக மனப்பாடமாக வேண்டும். எந்த இடத்தில் பொய் எச்சரிக்கை அதிகம் என்று தொகுத்து, தடத்தின் கோட்டையே அதற்கேற்ப நகர்த்தலாம்.

இங்கே ஒரு சட்டச் சந்து இருக்கிறது. பறப்புத் தரவுப் பதிவுக் கருவியைக் கட்டாயமாக்கும் பன்னாட்டு வரம்பு 5,700 கிலோ எடைக்கு மேல். ட்வின் ஓட்டரின் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 5,670 கிலோ. முப்பது கிலோ குறைவு. இரண்டு பயணிகளின் பெட்டி எடைகூட இல்லை. அந்த முப்பது கிலோவால், நாட்டின் மிக ஆபத்தான தடங்களில் ஓடும் விமானம் என்ன செய்தது என்பதற்குக் குரல் பதிவைத் தவிர வேறு சான்று கிடைக்காமல் போகலாம். சிறு விமானங்களுக்கென்றே எடை குறைந்த பதிவுக் கருவிகள் இப்போது விற்பனையில் உள்ளன. பன்னாட்டு விதி கேட்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் கையெழுத்தில் கட்டாயமாக்கலாம்.

வானிலைத் தகவலும் அப்படித்தான். புறப்படும் இடமும் சேரும் இடமும் தெளிவு என்று அறிக்கை சொல்லும். நடுவிலிருக்கும் கணவாய் மூடிக் கிடக்கும். விபத்து நடப்பது அந்த நடுவில். அலாஸ்காவில் இதே சிக்கலுக்குக் கணவாய்களில் கேமராக்களை நட்டார்கள், இருநூறுக்கும் மேல். தெளிவான நாளில் எடுத்த படம் பக்கத்திலேயே இருக்கும்; அதில் தெரியும் சிகரங்களில் எத்தனை இப்போது தெரிகின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டு விமானி கிளம்பலாம். சூரியத் தகடு, மின்கலம், கைபேசிச் சிக்னல், ஒரு கம்பம், துடைக்க உள்ளூரில் ஓர் ஆள்: ராடார் அமைப்பதோடு ஒப்பிட்டால் செலவு சொற்பம்.

இனி பொக்காரா. 2023 ஜனவரி 15, ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் விமானம், இறந்தவர்கள் 72 பேர். வானம் தெளிவு. மேகமும் இல்லை, மலையிலும் மோதவில்லை. “மலை, வானிலை” என்ற வழக்கமான விளக்கம் செல்லாத விபத்து என்பதால்தான் இதை விரித்துச் சொல்கிறோம்.

தரையிறங்கும் முன், விமானத்தை ஓட்டும் ‘பறக்கும் விமானி’, இறக்கையின் பின்விளிம்பிலுள்ள ஃபிளாப் என்னும் பலகையை இறக்கச் சொல்லி “ஃபிளாப் 30” கேட்கிறார். கண்காணிக்கும் விமானி “ஃபிளாப் 30” என்று பதிலும் சொல்கிறார். ஃபிளாப் நகரவில்லை. புரொப்பெல்லரைக் கட்டுப்படுத்தும் இரண்டு கண்டிஷன் லீவர்களும் ஃபெதர் நிலைக்குப் போய்விட்டன. ஃபிளாப் லீவரும் அவையும் ஒரே மேடையில் அருகருகே இருப்பவை. ஃபெதர் என்றால், துடுப்பை நீருக்கு விளிம்பு காட்டிப் பிடிப்பதுபோல் புரொப்பெல்லரின் அலகு காற்றுக்கு விளிம்பு காட்டி நிற்கும். இன்ஜின் ஓடும், இழுவை இராது. புரொப்பெல்லர் சுழற்சி 25 சதவீதத்துக்குக் கீழே, டார்க் (சுழற்றும் விசை) பூஜ்யத்தை நோக்கி. எச்சரிக்கை மணி ஒருமுறை ஒலிக்கிறது. தரையிறங்கும் முன் படிக்கும் சரிபார்ப்புப் பட்டியலைப் படித்து முடிக்கிறார்கள். “ஐந்நூறு அடி” அறிவிப்பு வரும்போதும் விமானம் நேராகவில்லை, திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது. பிறகு ஃபிளாப் 30-க்குப் போகிறது. அப்போதாவது முந்தைய முறை கை எதைத் தொட்டது என்ற கேள்வி எழுந்திருக்கலாம். பவர் லீவரை முழுக்கத் தள்ளுகிறார்கள், இன்ஜினில் சக்தி இல்லை என்கிறார்கள். சக்தி இன்ஜினில் இருந்தது. புரொப்பெல்லர்தான் அதை வாங்கவில்லை. லீவர் தவறியதிலிருந்து மோதல்வரை ஏறத்தாழ ஒரு நிமிடம்.

கை தவறுவது மனித இயல்பு. அந்தத் தவறு ஒரு நிமிடம் முழுக்க யார் கண்ணிலும் படாமல் போனதுதான் ஆராய வேண்டியது. விமான நிலையம் திறந்து இரண்டே வாரம். பறக்கும் விமானி அந்த நிலையத்துக்குப் பழகிக்கொண்டிருந்தவர். கண்காணித்தவர் பயிற்றுநர், அவருக்குக் கற்றுத் தருவதும் கண்காணிப்பதும் இரட்டை வேலை. இறங்கத் தேர்ந்தெடுத்தது 12 என்ற எண்ணுள்ள ஓடுபாதை முனை. அதற்கு இறுக்கமாக வளைந்து இறங்க வேண்டும். வேலைச் சுமை உச்சத்தில் இருக்கும்போது கண் வெளியே ஓடுபாதையைத் தேடும், கருவிப் பலகைக்கு வராது. புதிய ஓடுபாதையைத் திறக்குமுன், அதற்கான வளைவுப் பாதையை ஒவ்வொரு விமான வகையிலும் சிமுலேட்டரில் பறந்து பார்த்த சான்று இல்லாமல் நாடா வெட்டக் கூடாது. ஐந்நூறு அடியில் இறக்கை சமமாகி, வேகமும் ஃபிளாப்பும் டார்க்கும் ஒழுங்காக இல்லையென்றால் மறுபடி ஏறிவிட வேண்டும் என்பதில் கண்ணால் பார்த்து இறங்கும் முறைக்கு விலக்குக் கூடாது. லீவரை நகர்த்துமுன் கையை அதன்மேல் வைத்துப் பெயர் சொல்வதும், நகர்த்திய பின் ஃபிளாப் காட்டியைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வதும் பழக்கமாக வேண்டும். அன்று பதில் வாயிலிருந்து வந்தது, காட்டியிலிருந்து வரவில்லை.

2024 ஜூலை 24 காத்மாண்டு விபத்தைப் பற்றிச் சுருக்கமாக. பராமரிப்புக்காகப் பொக்காராவுக்குப் புறப்பட்ட சிஆர்ஜே-200 என்ற சிறிய ஜெட் விமானம், 19 பேர் இருந்து 18 பேர் இறந்தனர். புறப்பாட்டு வேகங்களைக் குறித்த வேக அட்டையில் பிழை. மூக்கைத் தூக்க வேண்டிய வேகத்துக்கு முன்பே, வேகமாகத் தூக்கியதில் விமானம் தாங்கு விசையை இழந்தது. அந்த அட்டையை நிறுவனம் தயாரித்தபோது யார் சரிபார்த்தார்? பராமரிப்புக்குப் போகும் விமானத்தில் வேலைக்குத் தேவைப்படாதவர்களை ஏற்ற அனுமதித்தது எந்த விதி? இவ்விரண்டுக்கும் விடை உங்கள் அலுவலகக் கோப்பில்தான் இருக்க முடியும்.

எங்கள் பெரிய மனக்குறையும் அங்கேதான் வந்து நிற்கிறது. விமான நிலையத்தை நடத்தி, தரையிறங்கும் கட்டணம் வாங்குவதும் நீங்களே. அந்த நிலையமும் விமான நிறுவனமும் விதியைக் கடைப்பிடிக்கின்றனவா என்று பார்ப்பதும் நீங்களே. ஐரோப்பிய ஒன்றியம் 2013 டிசம்பரில் நேபாள நிறுவனங்கள் அனைத்தையும் தடைசெய்தது. பத்தாண்டுகளைத் தாண்டியும் அந்தத் தடை நீடித்தது. ஆணையத்தை இரண்டாகப் பிரிக்கும் மசோதா ஆண்டுக்கணக்கில் இழுபடுகிறது. இது நிர்வாகச் சிக்கல் மட்டுமல்ல. திரும்பி வந்த விமானி, பயணச்சீட்டுப் பணத்தைத் திருப்பித் தர வேண்டிய நிறுவனத்துக்கு நட்டம் வைக்கிறார். காற்று எழுமுன் எத்தனை நடை முடியுமோ அத்தனையையும் முடித்தாக வேண்டிய காலையில், ஒரு நடையைக் கெடுக்கிறார். அவர் யாரிடம் முறையிடுவார்? 2019 பிப்ரவரியில் துறை அமைச்சரே பாதிபராவில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அத்தனை பெரிய பயணி ஏறியிருக்கும்போது “இன்று போக வேண்டாம்” என்று சொல்லும் துணிவை ஒரு விமானிக்குக் கொடுப்பது சட்டம்தான், தைரியம் அல்ல.

திரும்பி வந்ததற்காக எந்த விமானியின் பணிப்பட்டியலும் ஊதியமும் குறையக் கூடாது என்று ஒரு விதியை எழுதுங்கள். திரும்பிய நடைகளின் எண்ணிக்கையை நிறுவனவாரியாக மாதந்தோறும் வெளியிடுங்கள். மழைக்காலத்தில் ஜோம்சோமிலிருந்தோ லுக்லாவிலிருந்தோ ஒரு நடைகூடத் திரும்பாத நிறுவனம் இருந்தால், உங்கள் ஆய்வாளர் முதலில் போக வேண்டிய வாசல் அதுதான். 2011 முதல் இன்றுவரை விசாரணை ஆணையங்கள் தந்த பரிந்துரைகள் ஒவ்வொன்றுக்கும் எதிரே, நிறைவேறியதா, எந்தத் தேதியில், யார் பொறுப்பு என்று எழுதி உங்கள் இணையதளத்தில் போடுங்கள். நேபாளியில் இருந்தால் போதும். தமிழாக்கிக்கொள்வது எங்கள் பாடு.

இப்படிக்கு,
விமானப் பாதுகாப்புப் பணியிலுள்ள தமிழர்கள் சிலர்