பெர்த்தா எந்தத் திணை? வினாத்தாள் அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

இளங்கலை ஆங்கில இலக்கிய வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சார்லட் பிரான்டியின் 'ஜேன் ஐர்' (1847) நாவலில், தான் ஆசிரியையாக வேலை பார்க்கும் வீட்டின் முதலாளி ராச்செஸ்டரை ஜேன் காதலிக்கிறாள்; மாடியில் அவன் மறைத்து வைத்திருக்கும் பைத்தியமான மனைவிதான் பெர்த்தா. இந்த நாவல் பாடமாக இருக்கும் இடங்களில் "ராச்செஸ்டரின் குணச்சித்திரம் வரைக" என்று ஒரு கேள்வியும், "பெண் விடுதலை என்ற கருப்பொருளை விளக்குக" என்று இன்னொன்றும் போட்டால் இரண்டுக்கும் விடை கைடில் தயாராக இருக்கும். 38 அத்தியாயங்களில் ஒன்றைக்கூடப் புரட்ட வேண்டியதில்லை. பாத்திரத்தையும் கருப்பொருளையும் இப்படித் தனித்தனியே கேட்பதில்தான் கோளாறு.

24ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். கல்யாணம் நிச்சயமான பின், மில்கோட் ஊர்ப் பட்டுக்கடையில் ஜேனுக்கு ஆறு உடைகள் எடுக்கச் சொல்கிறான் ராச்செஸ்டர். ஜேன் அதை இரண்டாகக் குறைக்கிறாள். அவன் கைவைத்த பளபளக்கும் ஊதாப் பட்டையும் இளஞ்சிவப்பு சாட்டினையும் மறுத்து, கறுப்பு சாட்டினும் முத்துச் சாம்பல் பட்டும் போதும் என்கிறாள். அலங்காரப் பொம்மையாக நிற்கும் கூச்சம் தாங்காமல், தனக்கென்று கொஞ்சம் பணம் வருமா என்று மடைரா தீவில் இருக்கும் சித்தப்பாவுக்குக் கல்யாணச் செய்தி எழுதுகிறாள். அந்தக் கடிதம் போய்ச் சேரும்போது அங்கே தங்கியிருப்பவன் ராச்செஸ்டரின் மைத்துனன், பெர்த்தாவின் உடன்பிறந்த மேசன். ராச்செஸ்டருக்கு ஏற்கெனவே மனைவி உண்டு என்பது அவனுக்குத் தெரியும். 26ஆம் அத்தியாயத்தில் கல்யாணம் நின்றுபோவது இதனால்தான். அவள் சுபாவம், நாவலின் கருப்பொருள், கதைத் திருப்பம் மூன்றும் ஒரே கடிதத்துக்குள் இருக்கின்றன. தற்செயல் என்று கைடுகள் இதைத் தாண்டிவிடும். மேசன் அங்கே இருந்தது வேண்டுமானால் தற்செயல். கடிதம் எழுதியது அல்ல.

மாணவர்கள் வழுக்கும் இன்னோர் இடம், கதைசொல்லி. கல்யாணமாகிப் பத்தாண்டு கழித்துத்தான் ஜேன் இதை எழுதுகிறாள். 11ஆம் அத்தியாயத்தில் மாடியில் கேட்கும் சிரிப்பு யாருடையது என்று எழுதுகிறவளுக்குத் தெரியும்; பதினெட்டு வயதுக்காரிக்குத் தெரியாது. "ஜேன் நினைக்கிறாள்" என்று எழுதினால் எந்த ஜேன் என்று சொல்ல வைக்க வேண்டும். கோதிக் (மர்ம மாளிகைக் கதை) திகிலே இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

கல்யாணம் நின்றதும் பெர்த்தாவை அவள் அறையிலேயே காட்டும் பத்தி தமிழ் மாணவர்களுக்கென்றே அமைந்தது போலிருக்கும். மிருகமா மனுஷியா என்று தெரியவில்லை என்று தொடங்கி, 'அது' தவழ்ந்தது, 'அது' உறுமியது என்று போகிறது. நம் இலக்கணப்படி உயர்திணையை அஃறிணைக்கு இறக்கிவிட்டாள் ஜேன். அடுத்த அத்தியாயத்திலேயே அவளைப் பற்றி இப்படி வெறுப்போடு பேசுவது கொடுமை, பைத்தியமாக இருப்பது 'அவள்' குற்றமா என்று ராச்செஸ்டரிடம் ஜேனே வாதாடுகிறாள். திணை மாறும் இந்த இரண்டு இடங்களையும் அருகருகே அச்சிட்டு, ஏன் மாறியது என்று கேளுங்கள். படிக்காதவர் மாட்டிக்கொள்வார்.

நடைமுறைக்கு: 20, 25 வரிப் பத்தி ஒன்று கொடுங்கள், அத்தியாய எண் போடாதீர்கள். 15 மதிப்பெண்ணில் கதைச்சுருக்கத்துக்கு 3க்கு மேல் வேண்டாம். பத்தியின் சொற்களைச் சுட்டி விளக்குவதற்கு 7, அதை நாவலின் வேறோர் இடத்தோடு பொருத்துவதற்கு 5. விடைக்குறிப்பிலும் இந்தப் பங்கீட்டை எழுதிவையுங்கள். இல்லையென்றால் திருத்துகிறவர் பக்கத்தை எண்ணி மதிப்பெண் போட்டுவிடுவார். ஒரே பத்தியை இரண்டாம் முறை கொடுக்காதீர்கள், அதற்கும் கைடு வந்துவிடும்.

இப்படிக்கு,
இந்த நாவலைப் பாடம் நடத்துவோர் சிலர்