மின்னஞ்சலுக்கும் பூட்டு வேண்டும்

ஆசிரியருக்கு,

அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் சொந்த டொமைனில் (நிறுவனத்தின் பெயரிலான இணைய முகவரியில்) மின்னஞ்சல் வைத்திருக்கும் சிறு நிறுவனங்கள் பல, அதைப் பூட்டாமலே விட்டிருக்கின்றன. மின்னஞ்சல் அனுப்புவதற்காக 1982-இல் வகுக்கப்பட்ட எஸ்எம்டிபி முறை, அனுப்புநர் முகவரி உண்மைதானா என்று தானாகச் சோதிப்பதில்லை. 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று உங்கள் பெயரில் எவரும் வாடிக்கையாளருக்கு எழுதலாம்.

எந்த சர்வர் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்பதை டிஎன்எஸ்ஸில் (டொமைன்களின் விவரம் உள்ள இணையப் பதிவேட்டில்) உள்ள எஸ்பிஎஃப் பதிவு சொல்லும், டிகிம் என்ற முறை ஒவ்வொரு கடிதத்திலும் மின்னணுக் கையொப்பமிடும். பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால், பெறுபவர் கண்ணில் படும் 'ஃப்ரம்' முகவரியோடு இவை பொருந்துகின்றனவா என்று பார்ப்பது டிமார்க் என்ற மூன்றாவது முறைதான். முதலில் அதைக் கண்காணிப்பு நிலையில் வைத்து, பெறும் சர்வர்கள் அனுப்பும் அறிக்கைகளைச் சில வாரம் படியுங்கள். பில்லிங் மென்பொருள், செய்திமடல் சேவை என உங்கள் பெயரில் அனுப்பும், நீங்கள் மறந்துபோனவை அதில் தென்படும். அவற்றைச் சரிசெய்த பிறகே, பொருந்தாத கடிதத்தை நிராகரிக்கச் சொல்லும் 'ரிஜெக்ட்' போடுங்கள். அவசரப்பட்டால் உங்கள் இன்வாய்ஸே திரும்பி வரும். எஸ்பிஎஃப்பில் டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டினாலும், ஒரே டொமைனுக்கு இரண்டு எஸ்பிஎஃப் பதிவு இருந்தாலும் சோதனை பிழையில் முடியும்.

ஓர் எழுத்து மாற்றிய போலி டொமைனை இவை தடுக்காது. கணக்கு மாற்றம் என்று கடிதம் வந்தால், ஏற்கெனவே தெரிந்த எண்ணில் பேசிவிட்டே பணம் அனுப்புங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

– ஒரு வாசகர், சென்னை